அத்தையின் குரல் இப்போது யாருடையது?

கோபிசெட்டிபாளையத்துக்கு மேற்கே ஏழெட்டு கிலோமீட்டரில் என் அத்தையின் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் பூச்செடி வைக்கும் இடம் இல்லை. வீடு, கிணறு, மாட்டுத் தொழுவம், வெள்ளாமை எல்லாம் சேர்ந்தது. போன தை கடைசியில், மஞ்சள் வெட்டு மும்முரமாக இருந்தபோது, ஓர் இளைஞர் கைப்பேசியோடு அங்கே போயிருக்கிறார். திரையில் ஒரு படம் வரும், அதைப் பார்த்து மனதில் பட்டதைப் பேச வேண்டும், ஒரு மணி நேரப் பேச்சுக்கு முந்நூறு ரூபாய். "கம்ப்யூட்டருக்கு நம் பக்கத்துப் பேச்சைக் கற்றுக்கொடுக்கிறோம் அம்மா" என்றாராம்.

பேசுவதற்குக் கூலியா என்று அத்தைக்கு ஒரே சிரிப்பு. நான்கு மணி நேரம் பேசித் தீர்த்துவிட்டார். மாரியம்மன் நோம்பி, மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது, பேத்தியின் படிப்பு எல்லாம் வந்திருக்கிறது. மஞ்சள் வேகவைக்கும் படம் வந்தபோது அரை மணி நேரம் நிறுத்தவே இல்லையாம். நுரை தள்ளி, ஆவியில் மணம் மாறி வர வேண்டும். ஒரு கிழங்கை எடுத்து ஈர்க்குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தாலும் கெட்டது, பின்னால் எடுத்தாலும் நிறம் போய்விடும். நடுவில் மாமா உள்ளே வந்து, சீட்டுப் பணம் தராமல் இழுத்தடிக்கும் ஒருவரைப் பற்றிக் காரசாரமாகச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது, அத்தை கைப்பேசிக்கு வந்திருந்த ஒப்புதல் படிவத்தைப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். சுருக்கம் இதுதான்: இந்தப் பதிவை எக்காலத்துக்கும், எந்த நாட்டிலும், எந்தப் பயனுக்கும், யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு, கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. தமிழில் சொல்லிக் காட்டினேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் இது கிரையமா கண்ணு, குத்தகையா?" என்று கேட்டார்.

தரவு உரிமை பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சரியான இடத்தில் தொடங்கவில்லை.

முதலில் இந்த நான்கு மணி நேரப் பேச்சு எதற்கு வேண்டும் என்று பார்ப்போம். இன்றைய செயற்கை நுண்ணறிவு இலக்கணப் புத்தகம் படித்துத் தமிழ் கற்பதில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகிக்கொள்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவியும் அப்படித்தான்: ஒலியும் அதற்கான எழுத்தும் ஜோடி ஜோடியாக ஆயிரக்கணக்கான மணி நேரத்துக்கு வேண்டும். இப்படிக் கருவியைப் பழக்கக் கொடுப்பதைத்தான் பயிற்சித் தரவு என்கிறார்கள். எது கொடுக்கப்பட்டதோ அதுதான் தெரியும். கொடுக்காதது தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்லவும் பல நேரம் தெரியாது. இதுதான் தொல்லை.

இணையத்தைத் திரட்டிச் சேமிக்கும் காமன் கிரால் என்ற பெரிய பொதுக் களஞ்சியத்தில் ஆங்கிலம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. தமிழ் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கும் அந்தத் தமிழிலும் செய்தித்தாள் நடைதான் அதிகம். "பொழுதோட வாருங்கள்" என்றால் மாலையில் வரச் சொல்கிறார்கள் என்று ஈரோட்டுக் குழந்தைக்குத் தெரியும். கருவிக்கு அது பொழுதோடு சேர்ந்து வருவதா, பொழுது ஓடுவதா என்று குழப்பம். "ஒட்டுக்கா" என்றால் எல்லாம் சேர்த்து, "வெசனம்" என்றால் கவலை, "இட்டேரி" என்றால் இரண்டு பக்கமும் வேலி வைத்த வண்டித் தடம். இவற்றை யாரும் இணையத்தில் எழுதி வைப்பதில்லை, பேசுகிறோம், அவ்வளவுதான். திருப்பூர் பனியனும் கோவை மோட்டாரும் உலகமெல்லாம் போகின்றன. பணத்தில் பின்தங்கிய வட்டாரம் இல்லை இது. பணம் இருப்பதும் தரவில் இடம் இருப்பதும் வேறு வேறு.

எழுத்து முறையிலேயே ஒரு சின்ன அநியாயம் உண்டு. "மஞ்சள்" என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினியில் அது, புள்ளிகளைத் தனியாக எண்ணி, ஆறு குறிகள். ஒவ்வொரு குறியையும் கணினியில் சேமிக்க மூன்று பைட் இடம், ஆக 18. அதே பொருளுக்கான ஆங்கிலச் சொல்லில் எட்டு எழுத்து, எட்டே பைட். கருவிகள் சொற்களைத் துண்டாக்கித்தான் படிக்கும், துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். துண்டாக்கும் முறை ஆங்கிலத்தைப் பார்த்து அமைக்கப்பட்டதால், ஒரே செய்திக்குத் தமிழில் அதிகத் துண்டு விழுந்தது. புதிய கருவிகளில் இது குறைந்துவருகிறது, ஒழிந்துவிடவில்லை.

படத்திலும் இதே கதை. பயிர் நோய் கண்டுபிடிக்கும் ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் பிளான்ட்வில்லேஜ் என்ற படத் தொகுப்பில் 54,306 இலைப் படங்கள் இருக்கின்றன. பயிர்கள் 14. ஆப்பிள், திராட்சை, ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்கு, தக்காளி என்று பட்டியல் நீள்கிறது. மஞ்சள் இல்லை, தென்னை இல்லை, வாழை இல்லை, கரும்பும் இல்லை. அந்தப் படங்களில் பழகிய கருவி, அதே தொகுப்பில் வைத்துப் பரிசோதித்தபோது 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது 31 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வெறும் பின்னணியில் ஒற்றை இலையாக வைத்து எடுத்த படத்துக்கும், வெயிலில் காற்றில் ஆடும் இலைக்கும் அவ்வளவு தூரம். மஞ்சளில் இலைப்புள்ளி நோயைக் கண்டுபிடிக்க ஒரு செயலி செய்ய நினைக்கும் கோவை மாணவர் எங்கிருந்து தொடங்குவார்? தோட்டம் தோட்டமாகப் போய்த் தானே படம் எடுக்க வேண்டியதுதான்.

ஆகவே தரவு வேண்டும், அது இங்கிருந்துதான் வர வேண்டும். அந்த இளைஞர் அத்தையைத் தேடி வந்ததில் தப்பில்லை. கேள்வி, கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்பது.

அத்தையின் பதிவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று பொருள்கள் இருக்கின்றன. உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு மூன்றுக்கும் மூன்று பதில்.

ஒன்று, குரல். பெயர், வயது, ஊரோடு சேர்ந்த குரல் அத்தையின் சொந்தத் தகவல். 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகத்தான் வந்தது. அதன்படி, எதற்காக எடுக்கிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அதில் ஒன்று. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. ஒப்புதல் பற்றிய பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது: நீங்களாகவே பொதுவெளியில் போட்டுவைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

அழிக்கச் சொல்லலாம் என்றேன். பதிவை அழிக்கலாம். ஆனால் அந்தப் பதிவில் பழகிய கருவியிலிருந்து அத்தையை மட்டும் எடுப்பது எப்படி? பாலில் உறை ஊற்றித் தயிரான பிறகு, ஊற்றிய மோரை மட்டும் திரும்ப எடுக்கச் சொல்வதைப் போலத்தான். இதற்கு வழி தேடும் ஆராய்ச்சி நடக்கிறது. கடைக்கு வந்த தீர்வு இல்லை. அதனால் உறை ஊற்றுவதற்கு முன் கேட்கும் கேள்விதான் கேள்வி. மாமாவின் சீட்டுக் கதையை நினைத்தால் இன்னும் சிக்கல். அவர் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. அவர் திட்டிய மனிதருக்கு, தன் பெயர் எங்கோ ஒரு சர்வரில் இருப்பதே தெரியாது.

இரண்டு, சொற்கள். "பொழுதோட" என்ற சொல்லுக்கு யாரிடம் பட்டா இருக்கிறது? யாரிடமும் இல்லை. பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக அதைத் தயாரித்தவருக்குப் போகிறது. மொழியைப் பேசிப் பேசி வளர்த்தவர்களுக்கு அதில் இடமில்லை. தனிநபர் சாராத தரவு பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த கோபாலகிருஷ்ணன் குழு, 2020இல் தந்த அறிக்கையில் சமூகத்தின் தரவு என்ற எண்ணத்தை முன்வைத்தது. ஒரு சமூகத்திலிருந்து எடுத்த தரவில் அந்தச் சமூகத்துக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். சட்டமாகவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஈர்க்குச்சி இறங்க வேண்டும் என்ற அறிவு. அது அத்தை கண்டுபிடித்ததில்லை. அவர் மாமியாரும் கண்டுபிடித்ததில்லை. மஞ்சள் விஷயத்தில் நமக்கு ஒரு பழைய சூடு உண்டு. 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. முழங்காலில் சிராய்த்தால் மஞ்சள் அப்பும் நம் வீட்டு வைத்தியத்துக்கு! இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்தது. "எங்கள் பாட்டிமார் காலங்காலமாகச் செய்கிறார்கள்" என்று சொன்னால் அங்கே எடுபடாது. எழுத்தில் காட்ட வேண்டும். பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையையும் தேடி எடுத்து முன்வைத்தார்கள். 1997இல் காப்புரிமை ரத்தானது.

அதிலிருந்து பாடம் கற்று, 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கினார்கள். சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவ நூல்களில் உள்ளதை மொழிபெயர்த்து, உலகக் காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கும் வகையில் அமைத்தார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது, கவனியுங்கள். எழுதி வைக்காவிட்டால் நம்முடையது என்று நிரூபிக்க முடியாது. எழுதித் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். அதனால் அந்த மின்னூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறக்காமல், வெளியே சொல்லமாட்டோம் என்று ஒப்பந்தம் போட்ட காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் பார்க்கக் கொடுத்தார்கள். 2022இல்தான் கட்டணம் கட்டி மற்றவர்களும் பார்க்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பூட்டி வைத்தால் திருட்டுக்குப் பயமில்லை, ஆனால் அறிவு யாருடையதோ அவருக்கும் திறப்பில்லை. 2019இல் ஈரோடு மஞ்சளுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் பெயரைத்தான் காக்கிறது. வேகவைக்கும் பக்குவத்தை அது காக்காது.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருகிறேன். நிலத்துக்கு நம்மிடம் இருக்கும் ஏற்பாடுகளையே தரவுக்கும் வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி விளங்கிவிடும்.

அத்தை கொடுத்தது கிரையம். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு முழுக் கிரையம். குத்தகை என்றால் இன்ன பயனுக்கு, இத்தனை வருடத்துக்கு என்று எல்லை இருக்கும். மூன்றாவது ஏற்பாடு, வாரத்துக்கு விடுவது: நிலத்தை ஒருவர் கொடுக்க, இன்னொருவர் பாடுபட, விளைச்சலில் பங்கு. தரவில் வாரம் நடக்கவே நடக்காது என்று நினைக்க வேண்டாம். பெங்களூருவில் உள்ள கார்யா என்ற அமைப்பு, சேகரித்த தரவு மறுபடி விற்கப்பட்டால் பேசியவருக்கும் பங்கு போகும் முறையை வைத்திருக்கிறது.

நான்காவது புறம்போக்கு, அதாவது ஊர்ப்பொது. பயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் மக்கள் தாமாகக் குரல் கொடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இந்திய மொழிகளுக்கான மத்திய அரசின் பாஷிணித் திட்டத்திலும் குரல் கொடை கேட்கிறார்கள். சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் என்ற ஆய்வுக் குழு தன் தொகுப்புகளைப் பொதுவில் வைக்கிறது. எனக்கு இந்த வழி பிடிக்கும். எழுத்தாளர்களின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் உள்ள மாநிலம் நம்முடையது. பொதுவில் வைப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் ஊர்ப் புறம்போக்கில் யாருடைய மாடு அதிகம் மேயும்? மாடு அதிகம் வைத்திருப்பவருடையதுதான். அத்தையின் பேத்திக்கும், பல்லாயிரம் கோடி வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே உரிமம் சமமாகத்தான் திறந்திருக்கிறது. திறந்த கதவுக்குள் போய் வேலை செய்யப் பெரிய கணினி வேண்டுமே. இந்திய ஏஐ திட்டத்துக்கு 2024இல் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கி, கணினித் திறனைக் குறைந்த வாடகைக்குத் தர முற்படுவது இந்தக் குறைக்காகத்தான்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது கோயில் நிலம் மாதிரி. சொத்து சாமியுடையது, தர்மகர்த்தா காவலுக்கு மட்டும். நியூசிலாந்தில் டே ஹிகு மீடியா என்ற, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வானொலி அமைப்பு இப்படித்தான் செய்தது. 2018இல் மக்களை அழைத்து, பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் மாவோரிப் பேச்சைப் பதிவுசெய்தார்கள். வெளி நிறுவனங்கள் கேட்டு வந்தபோது கொடுக்கவில்லை. பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவியைத் தாங்களே செய்தார்கள். தரவுக்கு நாங்கள் உரிமையாளர் இல்லை, காவலர் என்றார்கள். மாவோரி மக்களுக்குப் பயன் தரும் வேலைக்கு மட்டும் அனுமதி என்று உரிமத்தில் எழுதிவைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் காலிங்கராயன் வாய்க்கால் நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் பவானியில் அணை கட்டி, கொடுமுடி வரை சுமார் 90 கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டிய காலிங்கராயன், தன் நலத்துக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக்கூடாது என்று, தானும் தன் வம்சமும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதில்லை என உறுதி எடுத்து ஊரைவிட்டே போனதாக எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, வெட்டியவன் வேறு, உரிமை கொண்டாடுபவன் வேறு என்ற எண்ணம் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுக்கு ஒரு முறை என்று தண்ணீர் விடுவதும், பொதுவான ஒன்றைக் கணக்கு வைத்துப் பகிர்வதுதான்.

தண்ணீர் உவமை ஒரு இடத்தில் உடையும். ஒருவர் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் இன்னொருவருக்கு இல்லை. தரவு அப்படித் தீர்வதில்லை. தீராது என்பதால் தாராளமாகத் திறக்க வேண்டியவையும் நிறைய உண்டு. நாமக்கல் முட்டை விலையைப் பாருங்கள். தினமும் அறிவிக்கிறார்கள், எல்லாச் செய்தித்தாளிலும் வருகிறது, கோழிப்பண்ணைக்காரரும் மளிகைக் கடைக்காரரும் அதைப் பார்த்து வியாபாரம் செய்கிறார்கள். யாருடைய அந்தரங்கமும் அதில் இல்லை. மண் பரிசோதனை முடிவுகள், மழையளவு, பூச்சித் தாக்குதல் விவரம், ஈரோட்டு விரலி மஞ்சளின் பத்து வருட ஏல விலை, இவையெல்லாம் முட்டை விலை போலக் கிடைக்க வேண்டியவை. பலவும் இன்று ஸ்கேன் செய்த தாளாகவோ, யாரோ ஒருவரின் அலமாரியிலோ கிடக்கின்றன. கணினி படிக்க முடியாத வடிவில் வெளியிடுவதை நான் வெளியிட்டதாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அந்த மண் பரிசோதனையோடு விவசாயியின் பெயரும் சர்வே எண்ணும் கடன் தொகையும் ஒட்டிக்கொண்டு வந்தால், அது முட்டை விலை இல்லை. உரக்கடைக்காரரும் வட்டிக்கு விடுபவரும் தேடும் பொருள். எதைத் திறப்பது, எதை மூடுவது என்று தீர்மானிக்கும்போது நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்: அந்தத் தகவல் வெளியே போனால் அடி யார் மேல் விழும்?

வைகாசியில் அந்த இளைஞர் மறுபடி வந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மாத இலக்கு முடிக்க வெயிலில் அலையும் பிள்ளை. அத்தை மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாங்கள் எழுதி வைத்திருந்ததை எடுத்தார். படிவம் தமிழில் வேண்டும். என் பதிவின் நகல் எனக்கு வேண்டும். மாமா பேசிய பகுதியை நீக்க வேண்டும். வேறு யாருக்காவது விற்றால் தகவல் சொல்ல வேண்டும். கடைசியாக, "இதை வைத்து நீங்கள் செய்யும் கருவி, என் பேத்திக்குச் சும்மா கிடைக்குமா தம்பி, காசு கட்ட வேண்டுமா?"

அவர் தாளைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரத்தில் தமிழ்ப் படிவம் வந்தது. நகலும் வந்தது, மாமாவின் சீட்டுக் கதை அப்படியே இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் இன்னும் பதில் இல்லை. பதில் வரும்வரை அத்தை வாயைத் திறப்பதாக இல்லை.